கியூபெக் வரை மூன்று பேர்

காரின் முன்கதவைக் கீலேனுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது வருஷத்தில் ஒரு நாளும் செய்யாத காரியம். விட்டுப் போகிற பெண்ணுக்குக் கதவு திறந்துவிட வேண்டும் என்ற அறிவு ஆண்களுக்கு அவள் போனபிறகுதான் வருகிறது. அவள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு தன் அப்பாவின் முழங்கையைப் பிடித்து அந்த இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, பின்கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டாள்.

"அப்பாவுக்குக் கால் நீட்ட எடம் வேணும்," என்றாள்.

அர்மான் மாமாவின் கால்கள் அப்படி ஒன்றும் நீளமில்லை. ஆளே ஐந்தடி சொச்சம். இத்தனை வருஷமும் பின்னிருக்கையில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, நான் வண்டி ஓட்டும் லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தவர். இப்போது முன்னால் உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியே தெரிந்த உலகத்தை ஒரு முதலாளியைப் போலப் பார்த்தார்.

"என்னடா மாப்ளே, எனக்குப் பதவி உயர்வா?"

"ஆமாம் மாமா. சம்பளம் மட்டும் பழைய சம்பளம்."

பின்னாலிருந்து சிரிப்பு வருகிறதா என்று காதைத் தீட்டினேன். பெல்ட் மாட்டும் சத்தம்தான் வந்தது.

எங்கள் கியூபெக் மாகாணத்தில் வாடகை ஒப்பந்தங்கள் ஏறக்குறைய எல்லாமே ஜூன் கடைசியில் முடியும். ஜூலை முதல் தேதி ஊரே கட்டிலையும் சோபாவையும் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கும். இந்த மூலையில் இருப்பவன் அந்த மூலைக்கும், அந்த மூலையில் இருப்பவன் இந்த மூலைக்கும் போவான். பிரிய நினைப்பவர்கள்கூட அந்தத் தேதிவரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பிப்ரவரியில் கோபித்துக்கொண்டு கிளம்பினால் எங்கே போய்ப் படுப்பது? வெளியே மைனஸ் இருபது டிகிரி. ஆகவே எங்கள் ஊரில் காதல் முறிவதற்கும் ஒரு சீசன் உண்டு, பறவைகளுக்கு இருப்பதுபோல.

வீட்டுக்காரர் மார்ச் மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொன்னபோது கீலேன் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். "நான் போடலே, பெனுவா," என்றாள். அவ்வளவுதான். கல்யாணம் செய்துகொண்டிருந்தால் விவாகரத்து என்று ஒரு சடங்காவது இருந்திருக்கும். எங்கள் தலைமுறையில் நிறையப் பேரைப் போல நாங்களும் பாதிரியாரும் வேண்டாம் பதிவாளரும் வேண்டாம் என்று சும்மா ஒரு வீட்டில் குடியேறியவர்கள். அவள் பெயர்கூட மாறவில்லை. திருப்பிக் கொடுக்க என்னிடம் அவளுடையது ஒன்றுமே இல்லை. ஜூலை முதல் தேதி அவள் சாமான்கள் லாரியேறிக் கியூபெக் நகரத்துக்குப் போயின. அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறைக்கு அவள்தான் இனித் தலைவி. அப்பாவையும் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறாள்; கிளம்பும்வரை இங்கே அவர் வீட்டில் தங்கியிருந்தாள். நான் இங்கே எங்கள் ஊர் கத்தினோவிலேயே ஒரு சின்ன வீட்டுக்கு மாறினேன். அந்த வீட்டில் எங்கே நின்றாலும் எல்லாச் சுவரையும் தொடலாம்.

இதில் ஒரு சிக்கல். நான் கட்டட வேலைக்காரன். இணைப்புப் பூச்சு என் தொழில்: இரண்டு சுவர்ப்பலகைகள் சேரும் இடத்தில் கோடு தெரியாமல் பூசி மறைப்பது. மாகாணத்தின் கட்டட வேலைக்காரர்கள் எல்லோருக்கும் ஜூலைக் கடைசியில் ஒரே சமயத்தில் இரண்டு வார விடுமுறை. எல்லோரும் ஒரே நாளில் கிளம்புவோம், ஒரே ஆற்றங்கரையில் விழுவோம். பனிக்காலத்திலேயே அறை பிடிக்காவிட்டால் மரத்தடிதான். மாமாவுக்கு எண்பது முடிந்ததைக் கொண்டாட மொரியால், த்ருவா ரிவியேர், கியூபெக் என்று மூன்று பழைய நகரங்களுக்கும் ஜனவரியிலேயே ஏற்பாடு செய்திருந்தோம். அதை ரத்து செய்ய எனக்குத் தைரியமில்லை. அவள் செய்வாள் என்று நினைத்தேன். நான் செய்வேன் என்று அவள் நினைத்தாள். மாமாவோ பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். இப்படியாக, என் குடும்பத்தை நானே கொண்டுபோய் டெலிவரி செய்யக் கிளம்பினேன்.

முட்டாள்தனமாக ஒரு நம்பிக்கையும் என்னிடம் இருந்தது. கியூபெக்கில் எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர், ஃபெர்னான் என்று பெயர், செப்டம்பரிலிருந்து என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வழியில் ஏதாவதொரு நல்ல நேரத்தில் கீலேனிடம் அதைச் சொல்வேன். அவள் கொஞ்சம் யோசிப்பாள். பிறகு, "சரி, வந்து தொலை," என்பாள். அந்த 'வந்து தொலை'யை நான் பல குரல்களில் மனதுக்குள் கேட்டுவைத்திருந்தேன்.

நெடுஞ்சாலை முழுக்க எங்களைப் போன்றவர்கள். கூரைமேல் படகு, பின்னால் சைக்கிள், உள்ளே சண்டை. எங்கள் மாகாணத்தின் ஒவ்வொரு வண்டியின் எண்பலகையிலும் 'எனக்கு நினைவிருக்கிறது' என்று எழுதியிருக்கும். எது நினைவிருக்கிறது என்று எழுதியிருக்காது. வண்டிகள் நகராமல் நின்றபோது, முன்னால் இருந்த நூறு வண்டிகளும் தங்கள் பிருஷ்டத்தைக் காட்டிக்கொண்டு, எனக்கு நினைவிருக்கிறது, எனக்கு நினைவிருக்கிறது என்றன. நான் கேட்கவே இல்லை.

மொரியாலில் சாலையெங்கும் பள்ளங்கள், அவற்றைச் சுற்றி ஆரஞ்சு நிறக் கூம்புகள். தோண்டிய ஆட்கள் விடுமுறைக்குப் போய்விட்டார்கள், கூம்புகளுக்கு விடுமுறை கிடையாது. எனக்கு அவற்றைப் பார்த்தால் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல இருக்கும். பழைய நகரத்தின் கல் பாவிய தெருவில் மாமாவை மெல்ல நடத்திக்கொண்டு போனோம். வலதுபக்கம் அவள், இடதுபக்கம் நான். பெரிய மாதாகோயிலின் வாசலில் கூட்டம் வளைந்து நின்றது. மாமா கைத்தடியை ஊன்றி நிமிர்ந்து இரண்டு கோபுரங்களையும் பார்த்தார்.

"நற்கருணைப் பேழையே! இதுக்குப் போய் வரிசையா? எனக்கு ஹாட்டாக் வேணும்."

எங்கள் ஊர் வசவுகள் எல்லாம் பூசைச் சாமான்களின் பெயர்கள்தான். மாமா கோயிலுக்குப் போவதை நிறுத்தி ஐம்பது வருஷமாகிறது. ஆனால் நற்கருணைப் பேழையும் இரசக் கிண்ணமும் அவர் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வந்துபோகும். பாதிரியார்களே அவ்வளவு சொல்வதில்லை.

ஆவியில் வெந்த ஹாட்டாக் விற்கும் கடையில் உயரமான ஸ்டூல்களில் வரிசையாக உட்கார்ந்தோம். மாமா முட்டைக்கோஸை வாயோரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கோயில்ல வெச்சுக் கட்டிக்கிட்டிருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது."

"கட்டிக்கிட்டவங்க பிரியறதில்லையாப்பா?"

"பிரிவாங்க. ஆனா வக்கீல் வேணும். வக்கீலுன்னா லேட்டாகும். லேட்டானா பசிக்கும். பசிச்சா வீட்டுக்குத்தான் வரணும். உங்கம்மா எத்தனை தரம் என்னை விட்டுட்டுப் போறேன்னு கெளம்பியிருக்கா தெரியுமா? ஒவ்வொரு தரமும் வக்கீல் ஆபீசு பூட்டியிருந்துச்சு."

கீலேன் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது அவள் வழக்கம். அந்தச் சிரிப்புக்காகவே நான் இருபத்தைந்து வயதில் ஒரு விருந்தில் தலையில் சாலட் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு நின்றவன். இப்போது அது மாமாவுக்குக் கிடைத்தது. எண்பது வயதுக் கிழவரிடம் எனக்குப் பொறாமை வந்தது.

"சரி மாமா, கல்யாணமும் இல்ல, வீடும் இல்ல. இப்ப நான் உங்களுக்கு யாரு?" வேடிக்கையாகத்தான் கேட்டேன். பாதியில் என் குரல் என்னை ஏமாற்றிவிட்டது.

மாமா மெல்வதை நிறுத்தினார். கீலேன் காகிதக் குவளையின் மூடியைத் திறந்து பார்த்தாள், உள்ளே ஏதோ விழுந்துவிட்டதுபோல.

"நீ என் டிரைவர்டா," என்றார் மாமா கடைசியில். கையை நீட்டி, "அந்தக் கடுகை எடு," என்றார்.

மொரியாலில் நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நல்ல நேரம் வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூம்புகளுக்கு நடுவில் எப்படி வரும்?

த்ருவா ரிவியேரில் அன்றிரவு நாங்கள் தங்கியது வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு விடும் பியெரெத் அம்மாளிடம். அம்மாள் மரப்படியில் எங்களை ஏற்றிக்கொண்டுபோய் அறையைத் திறந்தாள். ஜனவரியில் பிடித்த அறை. இரண்டு கட்டில். அப்போது கணக்குச் சரியாக இருந்தது.

"தம்பதிக்கு ஜன்னலோரக் கட்டில். ஆறு தெரியும்," என்றாள் பியெரெத் அம்மாள், என்னையும் கீலேனையும் பார்த்துக் கண்கள் சுருங்கச் சிரித்து.

நான் கூரையைப் பார்த்தேன். பூச்சு நன்றாகத்தான் இருந்தது. கீலேன் பையின் ஜிப்பை இழுத்தாள், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஜோக் சொல்லிச் சமாளிக்க வேண்டியவன் நான். வீட்டில் என் உத்தியோகமே அது. ஆனால் என்னை முந்திக்கொண்டு மாமா கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"அவங்க இல்லம்மா தம்பதி. நாங்க ரெண்டு பேரும்." என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

பியெரெத் அம்மாள் ஒரு நொடி எங்களைப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம். எங்க தங்கச்சி பையனும் அப்படித்தான். ரெண்டு பேரும் ரொம்ப நல்லா இருக்காங்க," என்று சொல்லி, கூடுதலாக ஒரு தலையணை கொண்டுவரப் போனாள்.

நாங்கள் யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் விளக்க வேண்டும், விளக்கினால் எது உண்மை என்று சொல்ல வேண்டும். மறுநாள் காலை உணவுக்கு இறங்கியபோது மேஜையில் எனக்கும் மாமாவுக்கும் அடுத்தடுத்துத் தட்டு வைத்து, நடுவில் சின்னக் குடுவையில் ஒரு டெய்சிப் பூவும், இதயம்போல் வெட்டிய வெண்ணெயும் வைத்திருந்தாள். மாமா அந்த வெண்ணெயைக் கத்தியால் எடுத்து, என் ரொட்டியில் அக்கறையாகத் தடவி, "சாப்பிடு கண்ணு," என்றார்.

கீலேனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாப்கினால் ஒற்றிக்கொண்டாள். மறுபடியும் ஒற்றிக்கொண்டாள். சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது, ஒற்றுவது மட்டும் நிற்கவில்லை. மாமா ரொட்டித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று விடிந்தபோது நான் பார்த்ததை இதுவரை சொல்லவில்லை. என் இடுப்பில் மாமாவின் குளிர்ந்த பாதம் முட்டித்தான் விழிப்பு வந்தது. ஜன்னல்வழியே ஆற்றின் வெளிச்சம் எதிர்க்கட்டிலில் விழுந்திருந்தது. முப்பது வருஷம் கட்டிலின் ஓரத்தில் ஒரு முழ இடத்தில் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்தவள் கீலேன். நான் அகலமாகப் படுப்பவன் என்று எங்கள் வீட்டில் அதுவும் ஒரு ஜோக். இப்போது அவள் கட்டிலின் நட்டநடுவில், மல்லாந்து, இரண்டு கைகளையும் விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மிதக்கத் தெரிந்தவர்கள் தண்ணீரில் கிடப்பார்களே, அப்படி. எனக்கு எல்லாம் அப்போதே தெரிந்துவிட்டிருக்க வேண்டும். ஆனால் நான் எழுந்துபோய்ப் பல் விளக்கிக்கொண்டே ஃபெர்னான் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன்.

அங்கிருந்து பெரிய சாலையில் போகாமல் ஆற்றை ஒட்டிய பழைய ராஜபாட்டையில் போகலாம் என்றாள் கீலேன். ஒருபக்கம் கல்வீடுகள், அவற்றின் சாய்ந்த சிவப்புக் கூரைகள், மறுபக்கம் கடலைப்போல் விரிந்துகொண்டே போகும் ஆறு. ஓரிடத்தில் பண்ணைக்காரர்கள் கடை போட்டிருந்தார்கள். கீலேன் இறங்கிப்போய் ஒரு காகிதப்பை நிறைய பச்சைப் பட்டாணி வாங்கிவந்தாள். தேஷம்போ என்ற ஊரில் மாதாகோயிலுக்குப் பின்னால், மரத்தடியில் ஒரு மேஜை இருந்தது. மாமா சாப்பிட்ட களைப்பில் கார் ஜன்னலைத் திறந்துவைத்து உறங்கிப்போனார். அவர் குறட்டை அங்கேயிருந்து எங்களுக்குக் கேட்டது. நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்தோம். உரித்ததில் பாதி வாய்க்கும் பாதி கிண்ணத்துக்கும் போனது.

நல்ல நேரம் என்றால் இதுதான்.

"கீலேன், ஃபெர்னானைத் தெரியுமில்ல? அந்தத் தொப்பைக்காரர்."

"ம்."

"செப்டம்பர்லேருந்து வேலை இருக்காம். கியூபெக்குல."

அவள் ஒரு காயைக் கட்டைவிரலால் பிளந்தாள்.

"ஒரே வீட்டுல இல்ல. ஒரே தெருவுலகூட வேண்டாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் லெவியில ஒரு ரூம் பாத்துக்கறேன். நடுவுல தண்ணி ஓடட்டும். எப்பவாவது மாமாவுக்கு ஒண்ணுன்னா..."

"நீ கியூபெக்குக்கு வந்தா நான் வேற ஊருக்குப் போகணும், பெனுவா. அப்பாவை எத்தனை தரம் ஏத்தி எறக்கறது?"

நான் சிரித்துவிட்டேன். பழக்கதோஷம். நல்ல வரி, அதுவும் சரியான இடைவெளி விட்டுச் சொன்னாள்.

"சிரிக்காதே."

"உன் ஜோக்குக்குத்தானே..."

"நான் ஜோக் சொல்லலே."

மாமாவின் குறட்டை ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது.

"வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"யாருமில்ல. இருந்தா உனக்குச் சௌகரியமா இருந்திருக்கும், திட்டறதுக்கு."

அவள் தோலையெல்லாம் ஒரு பக்கமாகக் குவித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாத முகம். கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன், கோபத்தோடு எனக்குப் பழக்கம் உண்டு.

"முப்பது வருஷம் சிரிச்சேன். எல்லாம் நல்ல ஜோக்குதான், ஒண்ணுகூடப் பொய்யாச் சிரிக்கலே. உன் மேல எனக்கு ஒரு புகாரும் இல்ல. ஆனா காலையில கண்ணு முழிக்கும்போதே அடுத்து எங்க சிரிக்கணும்னு நான் தயாரா இருந்தேன், பெனுவா. அது எனக்கே தெரியாம இருந்துச்சு. சிரிக்காம இருந்தா நான் எப்படி இருப்பேன்னு பாக்கணும். அவ்வளவுதான்."

இதற்குப் பதிலாக எனக்குள் மூன்று ஜோக்குகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. மூன்றும் நல்லவை. மூன்றையும் விழுங்கினேன். விழுங்கியவனுக்குச் சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை என்பது அப்போது தெரிந்தது. கடையில் ஒரே சரக்கு வைத்திருந்தவன் நான்.

"இன்னொண்ணு," என்றாள். குவித்த தோலை மறுபடி கலைத்தாள். "எப்பவும்போல ஞாயித்துக்கெழமை சீட்டாட வர்றேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதே. நீ ஒரு வார்த்தை சொன்னா அவரு ஜன்னல்லயே உக்காந்திருப்பாரு. நீ வந்தா நம்மளைச் சேத்துவெக்கப் பாப்பாரு. மொரியால்ல பாத்தேயில்ல? எனக்குத் தாங்காது. ஒரு குளிர்காலம் மட்டும் குடு. வசந்தத்துல வா. நானே கூப்பிடறேன்."

"அவருக்கு எண்பது ஆச்சு, கீலேன்."

"தெரியும்," என்றாள். "அப்பா எனக்குத்தானே."

ஆறு அந்த இடத்தில் அகலம். அக்கரையில் ஒரு கோயில் கோபுரம் ஊசிபோலத் தெரிந்தது. நான் சரி என்று தலையாட்டினேன். கடைசிக் காயைப் பிளந்து அதிலிருந்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டேன். மாமா விழித்துக்கொண்டு கார் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"எனக்கு வெச்சிருக்கீங்களா, இல்ல ரெண்டு பேரும் தின்னு தீத்துட்டீங்களா?"

கீலேன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் மடியில் வைத்தாள். அவர் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அதன்பின் கியூபெக் வரும்வரை அவர் யாரையும் திட்டவில்லை. பூசைச் சாமான்களெல்லாம் ஓய்வெடுத்தன.

கியூபெக்கில் மதில் சூழ்ந்த மேல்நகரத்துக்கு நாங்கள் போகவே இல்லை. அங்கே பிடித்திருந்த அறையையும் கேட்காமல் விட்டுவிட்டோம். நேராக லிமுவாலு என்ற பகுதியில் அவளுடைய புது வீட்டுக்குப் போனோம். வெளியே திருகிக்கொண்டு ஏறும் இரும்புப்படி, மூன்றாவது மாடி. மாமாவை நானும் அவளும் நடுவில் வைத்துப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று, ஏற்றினோம். உள்ளே பெட்டிகள் பாதி பிரிக்கப்படாமல் கிடந்தன. மாமாவின் அறை பின்பக்கத்து ஒடுங்கிய தெருவைப் பார்த்தது. துணி உலரும் கயிறுகள், ஒரு பூனை, கிட்டார் பழகும் யாரோ. மாமா ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பரிசோதித்தார்.

"பூனை நல்லாருக்கு. கிட்டார்தான் சரியில்ல."

கூடத்தின் கூரையில் ஒரு விரிசல் ஓடியது. விளக்கிலிருந்து மூலைவரை, முடி இழைபோல. பழைய வீடு, இரண்டு பலகை நடுவில் அசைந்திருக்கிறது. என் கை தன்னால் மேலே போனது. என் பூச்சுக் கரண்டிகள் எல்லாம் காரில்தான் இருந்தன. ஒரு மணி நேர வேலை.

"அதை விடு," என்றாள் கீலேன்.

"பெருசாகும்."

"ஆகட்டும். பாத்துக்கறேன்."

கையை இறக்கிக்கொண்டேன். அந்த வீட்டில் என்னால் செய்ய முடிந்த ஒரே காரியமும் வேண்டாமென்று ஆகிவிட்டது.

படகேறி அக்கரை போய், தென்கரைச் சாலையில் ஊர் திரும்புகிறேன் என்றேன். கரையோடு வந்த சாலையிலேயே திரும்பிப்போக எனக்கு மனமில்லை. மாமா படகுத்துறைவரை வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தார். மறுபடியும் மூன்று மாடி இறக்கினோம். துறையில் கார்கள் வரிசையாக நின்றன. மேலே குன்றின்மேல் பெரிய ஓட்டல் பச்சைக் கூரையோடு எல்லோரையும் அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா இறங்கி, என் ஜன்னலில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தார். அவர் மூச்சில் இன்னும் பட்டாணி வாசனை இருந்தது.

"ஞாயித்துக்கெழமை வர்றியில்லடா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் தோளுக்குப் பின்னால் கீலேனைப் பார்த்தேன். ஏதாவது சொல். முட்டாளே, ஏதாவது சொல். எத்தனை சவஅடக்கத்தில், எத்தனை ஆஸ்பத்திரியில் எத்தனை பேரைச் சிரிக்கவைத்தவன். வாய் திறந்தது, காற்று வந்தது.

"அவனுக்கு எங்கப்பா நேரம்?" என்றாள் கீலேன். "அவன் வேற ஒரு மாமனார் பாத்துட்டான். உங்களைவிட நல்லா சீட்டாடறாராம், ஏமாத்தறதும் இல்லையாம்."

"இரசக் கிண்ணமே! எவன்டா அவன்?"

மூன்று பேரும் சிரித்தோம். என்னால் நிறுத்த முடியவில்லை. நான் சொல்ல வேண்டிய ஜோக், என் தாளத்தில், என் இடத்தில் நின்று அவள் சொன்னது. அதைச் சொல்ல அவள் என்ன விலை கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும். மாமாதான் முதலில் நிறுத்தினார்.

"நெசத்தைச் சொல்லுங்க," என்றார்.

"குளிர்காலம் போகட்டும்பா. வசந்தத்துல வருவான்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "எண்பது வயசுக்காரன்கிட்டேருந்து குளிர்காலத்தை இவ்வளவு தாராளமா எடுத்துச் செலவழிக்காதே, பொண்ணே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை சொல்வதுபோலச் சொன்னார். பிறகு ஜன்னல்வழியே கையை விட்டு என் காதைப் பிடித்து, சின்னப் பையனை இழுப்பதுபோல ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். "மெதுவாப் போ. நீ வளைவுல வேகமா திருப்பறே. எப்பவும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

மஞ்சள் சட்டைக்காரன் கையசைத்தான். என் முன்னால் இருந்த கார்கள் படகின் வயிற்றுக்குள் இறங்கின. நானும் இறங்கினேன்.

வண்டியை நிறுத்திவிட்டு மேல்தளத்துக்கு ஓடினேன். அதற்குள் படகு துறையைவிட்டு விலகிவிட்டது. ஆற்றுக்காற்று தொப்பியைப் பறிக்கப் பார்த்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையில் தேடினேன். துறையின் விளிம்பில், வேலிக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். அவள் நீலச் சட்டை, அவர் வெள்ளைத் தலை. நான் கையைத் தூக்கினேன்.

மாமாவும் தூக்கினார். கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, குதிகால் எழும்ப ஆட்டினார். ஆனால் என் பக்கம் ஆட்டவில்லை. லெவியிலிருந்து இன்னொரு படகு அப்போதுதான் நடு ஆற்றைத் தாண்டித் துறையை நோக்கி வந்துகொண்டிருந்தது. இரண்டு படகும் ஒரே அச்சு. அந்த வயதில் தூரத்துப் பார்வைக்கு எது போவது, எது வருவது என்று எப்படித் தெரியும்? அவர் அந்தப் படகைப் பார்த்து, உடம்பெல்லாம் கையாக, ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன். கடற்பறவைகள் பதில் சொல்லின. அந்தப் படகு எங்களைக் கடந்துபோனது. அதன் மேல்தளத்தில் விடுமுறைக்கு வந்த கூட்டம், குழந்தைகள், ஐஸ்கிரீம், சைக்கிள் தொப்பிகள். கரையில் ஒரு கிழவர் தங்களுக்குக் கையாட்டுவதைக் கண்டு முதலில் ஒரு குழந்தை ஆட்டியது, அப்புறம் அதன் அம்மா, அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும். முன்பின் தெரியாத நூறு கைகள் அவருக்குப் பதில் சொல்லின. அவர் இன்னும் வேகமாக ஆட்டினார்.

கீலேன் அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவள் முகம் நான் போகும் பக்கம்தான் திரும்பியிருந்தது, அவ்வளவு தெரிந்தது. அவரை அவள் திருப்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு வந்துகொண்டிருந்த படகின் பக்கம் அவளும் திரும்பி, அவரோடு சேர்ந்து, கையைத் தூக்கி ஆட்டத் தொடங்கினாள்.